ஹோட்டன் சமவெளியின் நடைபாதை

மலைநாட்டின் முடிமேல், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திற் பரந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. சிங்கள மக்கள் இதனை மகா எலிய என வழங்கினர். 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் பின்னர் இதற்கு வாய்த்தது. 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற இந்நிலத்தின் பரப்பு 3,160 ஹெக்டேயர். வில்பத்து, யால என்பவற்றோடு ஒப்பிடின் இது மிகச் சிறியது. ஆயினும், ஆங்கெல்லாம் வாகனத்தினுள் இருந்தே காட்டைக் காணும் பார்வையாளன் ஈண்டுத் தன் காலால் நடந்து காண்கின்றான். இதன் சிறப்பும் இதுவே, இடரும் இதுவே.

வட்டமாய் அமைந்த பாதையின் நீளம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஃபார் இன் என்னும் பழைய விடுதியருகே தொடங்குவோர் புல்வெளி, காடு ஆகியவற்றினூடாகச் சிறிய உலக முடிவையும், அப்பால் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாய் வீழும் உலக முடிவையும் கண்டு, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியே மீள்வர். விடியற்காலையிற் புறப்படுக என்பர் அறிந்தோர். வெயில் ஏற, தெற்குத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று வெப்பமுற்று மலைச்சுவரின்மேல் எழுந்து குளிர்ந்து முகிலாகின்றது. பத்து மணிக்குப் பின் வருவோர் பெரும்பாலும் வெண்மூட்டத்தையே கண்டு திரும்புவர்.

அம்முகிலைப் பழித்தல் தகாது. குறுகி முறுகிய மரங்களும் அவற்றின்மேற் படர்ந்த பாசிகளும் முகிலின் நுண்துளிகளைத் தடுத்து நிலத்திற் சொட்டுவிக்கின்றன. பஞ்சுபோன்ற மண் அந்நீரை ஏற்றுச் சிறுகச் சிறுக விடுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய முப்பெரும் ஆறுகளுக்கும் இங்கு ஊற்றுக்கண் உண்டு. சங்க நூல்கள் கூறும் குறிஞ்சியின் இனமாகிய நெலுவும் இக்காட்டில், பல்லாண்டுக்கு ஒருமுறை, ஒருங்கே பூத்து மடிகின்றது.

இனிப் பாதைக்கு வருவோம். சேற்றுக்கு அஞ்சி ஒருவன் ஓரத்துப் புல்லை மிதிக்கின்றான். அடுத்தவன் அவனடியைப் பின்பற்றுகின்றான். புல் மடிகின்றது, மிதியுண்ட மண் இறுகி நீரை உறிஞ்சாதாகின்றது, மழைநீர் அவ்வழியே ஓடி அதனை வாய்க்காலாக அரிக்கின்றது. அதற்கும் அஞ்சி மூன்றாமவன் இன்னும் விலகி நடக்கின்றான். இவ்வாறு ஓரடிப் பாதை பலவடியாகின்றது. வெட்டுண்ட காடு கண்ணுக்குத் தெரியும், இவ்வழிவு தெரிவதில்லை. வாயிலிற் பொலித்தீனைக் களைந்து வாங்குகின்றனர். மரைகள் அதனை உணவோடு விழுங்குதலே காரணம். காலடிக்கோ அத்தகைய சோதனை இல்லை. சப்பாத்துச் சேறானாலும் நடுப்பாதையே செல்க என்று மாணாக்கருக்கு முன்னரே கூறிவைத்தல் உடன்செல்லும் ஆசிரியரின் கடன்.

புகையிரதத்தில் வருவோர்க்கு ஒகியவும் பட்டிப்பொலவும் அண்மைய நிலையங்கள். தை, மாசி மாதங்களில் மழை குறைவு. ஆயின் அதிகாலையிற் புல்மேல் உறைபனி படிவதுண்டாதலின், யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் கம்பளியாடையை மறத்தலாகாது.