கல்பாத்தியின் மதில்

பாலக்காட்டின் பழமை என்றதும் எல்லோரும் கை காட்டுவது கோட்டையைத்தான். நீர் நிற்கும் அகழி, தடித்த கருங்கல் மதில், உள்ளே ஓர் ஆஞ்சநேயர் சந்நிதி. 1766-ல் ஹைதர் அலி கட்டியது. 1783-ல் கர்னல் ஃபுல்லார்டன் பிடித்தார், 1790-ல் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பார்க்க வேண்டிய கட்டடம், சந்தேகமில்லை. ஆனால் அது படை தங்கிய இடம், ஊர் அல்ல. ஊரின் பழமையைத் தேடுகிறவர் கல்பாத்திப் புழையின் கரைக்குத்தான் போக வேண்டும். காசியிலிருந்து லட்சுமி அம்மாள் கொண்டுவந்த லிங்கத்துக்கு பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் கோயில் எழுப்பிக் கொடுத்தார் என்பது மரபு. அதற்குச் சொல்லப்படும் ஆண்டு 1425. கோட்டையைவிட மூன்று நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அந்தக் கோயிலை ஒட்டிய கல்பாத்தி அக்ரகாரத்துக்கு யாரும் மதில் எழுப்பவில்லை. இருந்தும் பாலக்காட்டில் உண்மையான மதில் ஊர் கல்பாத்திதான் என்பேன்.

வீடுகளைப் பார்த்தாலே பாதி புரியும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்; சந்து கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றோடு கொல்லை என்று நூல் பிடித்தாற்போல் பின்னோக்கி ஓடும் வீடு. தெருவில் நின்றால் இருபுறமும் ஓட்டுக்கூரைகள் இடைவெளியில்லாமல் நீள்கின்றன. கண் போய் நிற்பது கோயிலில். தஞ்சைப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாக வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள், தமிழையும் சங்கீதத்தையும் சமையலையும் மலையாள நாட்டின் நடுவே நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றியதற்கு இந்த அடைப்பும் ஒரு காரணம். பாலக்காட்டு மணி ஐயரின் மிருதங்கம் இந்த மண்ணிலிருந்து வந்ததுதான். அந்தப் பெருமையில் எனக்குக் குறையொன்றுமில்லை.

ஆனால் அடைப்பு என்றால் உள்ளே காப்பது மட்டுமா? 1924 மார்ச்சில் வைக்கம் போராட்டம் தொடங்கியதும், பெரியார் அங்கே சிறை போனதும் தமிழர்கள் அறிந்த கதை. அதே ஆண்டு கல்பாத்தியில் நடந்தது அந்த அளவு பேசப்படவில்லை. வைக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம்; பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. பொதுத் தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டசபையில் ஆர்.வீரையன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியதும் அந்த 1924-ல்தான். அதை நம்பி நவம்பர் தேரோட்டத்துக்கு வந்த ஈழவர்கள் அக்ரகாரத் தெருவில் அடித்து விரட்டப்பட்டார்கள். பிறகு சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்த உரிமையில் தெருவில் நடக்கப் பார்த்தார்கள். செங்கல்லோ கருங்கல்லோ இல்லாமல் ஒரு மதில் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று எல்லோரும்தான் வடம் பிடிக்கிறார்கள், பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். அறுநூறு வருடத்துக் கோயிலைப் பெருமையாகச் சொல்லும் ஊருக்கு, நூறு வருடத்துச் சம்பவம் மட்டும் மறக்கும் அளவுக்குப் பழசாகிவிடாது. இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது: இப்போது அங்கே இருப்பவர்களில் பலர், பிள்ளைகளை சென்னைக்கும் மும்பைக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்ட முதியவர்கள்; பாரம்பரிய ஊர் என்ற அறிவிப்பால், வீட்டை இடித்துக் கட்ட அவர்களுக்கு ஆயிரம் கேள்வி. அவர்கள் தலையில் பாட்டன் காலத்துப் பழியையும் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. ஓட்டையும் உத்தரத்தையும் பழைய முறையில் பழுதுபார் என்று சொல்லும் அரசு, அதற்கான செலவில் பங்கு தரவும் வேண்டும். ஆனால் சரித்திரம் குற்றப்பத்திரிகை அல்ல. ஸ்ரீரங்கத்தில் மதில்கள் கண்ணுக்குத் தெரிவதால், யார் எதுவரை வரலாம் என்று இருந்ததைப் பற்றிப் பேச்சாவது எழும். கல்பாத்தியில் மதில் தெரியாததால், திண்ணையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

ஐப்பசித் தேருக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு ஊரின் கதையைச் சொல்லும்போது, 1425 இருக்கும் பலகையிலேயே 1924-ம் இருக்கட்டும். தமிழிலும் மலையாளத்திலும், ஒரே அளவு எழுத்தில்.