தாதித் தொழிலில் தலைமை

நோயாளரைப் பேணுதல் ஒரு திறன். பேணுவோரை நடத்துதல் பிறிதொரு திறன். முன்னையது கைவந்தார்க்குப் பின்னையது தானே வந்தெய்தும் என எண்ணுவார் பலர். நல்லாசிரியர் யாவரும் நல்லதிபர் ஆகிவிடுவதில்லை என்பதனை அறிந்த நமக்கு அவ்வெண்ணத்தின் பிழை எளிதில் விளங்கும். தாதியர் தலைமை எவ்வாறு உருப்பெற்றது என்பதனை, அது முறையாக வளர்ந்த இங்கிலாந்தின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய பெருமாட்டியாக மாத்திரம் அறிந்தோர் அவரைப் பாதியே அறிந்தவராவர். 1854இல் 38 தாதியருடன் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்த அவர், அங்கே கண்ட சீர்கேட்டிற் பெரும்பகுதி நிருவாகச் சீர்கேடே எனத் தெளிந்தார். 1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் மருத்துவமனையில், பொதுமக்கள் உதவிய நிதியைக் கொண்டு பயிற்சிப் பள்ளியொன்று அவர் முயற்சியால் தொடங்கிற்று. பிற மருத்துவமனைகளுக்குச் சென்று அங்குள்ளோரைப் பயிற்றவல்ல தலைவியரை ஆக்குதலும் அப்பள்ளியின் நோக்கமாயிற்று. தாதியரை நியமித்தல், பயிற்றல், கண்டித்தல், விலக்கல் ஆகிய அதிகாரங்கள் யாவும் மேற்றன் எனப்படும் தலைமைத் தாதியிடமே இருத்தல் வேண்டும் என்பது அம்மையார் கொள்கை. மருத்துவர் சிகிச்சையைப் பணிக்கலாம். நிருவாக சபையார் செலவைக் கணக்கிடலாம். தாதியரின் ஒழுங்கு அவர்கள் கையிலன்று.

இக்கொள்கை கடல் கடந்து சென்றவிடத்துப் பட்ட பாட்டினை லூசி ஒஸ்பேண் என்பார் வரலாறு காட்டும். நைற்றிங்கேல் பள்ளியிற் பயின்ற இவர், 1868இல் தோழியர் ஐவருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி மருத்துவமனைக்குத் தலைவியாகச் சென்றார். கட்டிடமோ பழுதுற்றது, பூச்சி புழுக்கள் மலிந்தது. மருத்துவருட் சிலரும் சபையாரும் அவரது அதிகாரத்தை ஏற்க மறுத்தனர். வேதாகமங்களை எரித்தார் என்றொரு பழியும் எழுந்து, 1870இல் விசாரணைக்குப் பின் பொய்யாயிற்று. (அதிகாரத்தைப் பறிக்க இயலாதவிடத்துப் பெயரைப் பறிக்க முயல்வது எந்நாட்டிலும் உள்ளதே.) ஈற்றில் 1873இல் அரச ஆணைக்குழுவொன்று அம்மருத்துவமனையை ஆராய்ந்து, குற்றம் நிருவாக சபையினதே என்று கண்டது. ஒஸ்பேண் 1884 வரை அப்பதவியிலிருந்தார். அவர்பாற் பயின்றோர் பிற மருத்துவமனைகளிலே தலைமை ஏற்றனர்.

இம்முறையிற் குறையும் இருந்தது. மேற்றனுக்குக் கீழே வாட்டுச் சகோதரிமார் பலர். மேலே பதவி ஒன்றே. அது வெற்றிடமாகும்வரை திறமையுடையார் காத்திருத்தல் வேண்டும். சமன் என்பவரைத் தலைவராகக் கொண்ட குழு 1966இல் வெளியிட்ட அறிக்கை இதனை மாற்ற முயன்றது. வாட்டுச் சகோதரியை ஆறாந் தரத்திலும் பிரதம தாதி அலுவலரைப் பத்தாந் தரத்திலும் வைத்து, இடையே பல படிகளை அஃது அமைத்தது. நிருவாகப் பயிற்சியையும் வேண்டிற்று. ஆடவர்க்கும் உயர்பதவிக்கு வழி அகன்றது. ஆயின் ஒவ்வொரு படியும் வாட்டிலிருந்து அலுவலக மேசையை நோக்கியதாகவே இருந்தது. நோயாளரின் முகக்குறிப்பிலிருந்தே நிலையறியும் அனுபவமுடையார், ஊதிய உயர்வு வேண்டின் அவ்வனுபவம் பயன்படும் இடத்தை நீங்க வேண்டியவராயினர். இளந்தாதி யாரைப் பார்த்துப் பழகுவாள்? இக்கேள்விக்கு அத்திட்டத்தில் விடையில்லை என்பது என் கருத்து.

அதுவுமன்றி, 1983இல் வெளிவந்த கிறிபிற்ஸ் அறிக்கையின்பின் பொது முகாமையாளர் நியமிக்கப்பெற, தாதியர் தலைவர் பலர் முன்னிருந்த நிருவாக அதிகாரத்தையும் இழந்தனர். வாட்டின் தூய்மைக்கு யார் பொறுப்பு என மக்கள் வினவத் தொடங்கினர். 2001 தொடக்கம் மேற்றன் பதவி புதிய உருவில் மீண்டது. சில வாட்டுகளை நாடோறுஞ் சுற்றிப் பார்த்துத் தூய்மையையும் பராமரிப்பையும் காத்தல் அவர் கடன். அக்காலத்திலேயே ஆலோசகத் தாதி என்னும் பதவியும் உண்டாயிற்று. இவர் தம் வேலை நேரத்திற் பாதியளவேனும் நோயாளரிடத்தே செலவிடல் வேண்டும் என்பது அப்பதவிக்குரிய விதி.