விடிய விடியக் காமன் கூத்து: பிள்ளைகள் பத்திரம்!

மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றிவிட்டால் தோட்டத்திலே தப்புச் சத்தம் ஓயாது. பௌர்ணமி இரவில் சிவன் மன்மதனை எரிப்பார். ரதி புலம்பி முடிய விடிந்துவிடும். அம்மாயியின் கம்பளிக்குள் சுருண்டு அந்தப் புலம்பலைக் கேட்டு அழுதவர்கள்தானே நாம்! நம் பிள்ளைகளும் பார்க்கட்டும். ஆனால் சில காரியங்களைக் கவனிப்போம்.

மாசிப் பனி பொல்லாதது. கைக்குழந்தையின் தலையையும் காதையும் மூடுங்கள். சின்னதுகளின் சட்டைப்பையில் பெயர், டிவிசன், லய இலக்கம் எழுதிய துண்டை வையுங்கள். தப்புக் காய்ச்சும் நெருப்புக்கும் காமனை எரிக்கும் இடத்துக்கும் கிட்டே விடாதீர்கள். நைலோன் சட்டை தீப்பற்றினால் உருகித் தோலிலே ஒட்டும். தீ சுட்டுவிட்டால் பற்பசை பூசாமல், பீலித் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள்.

ரதியின் பாட்டு பிள்ளைகளின் காதில் நிற்கட்டும். தழும்பு உடம்பில் நிற்க வேண்டாம்.