எந்த மருந்து சிறந்தது? மதுரையில் நடந்த ஓர் ஆய்வு தரும் விளக்கம்

மருத்துவ ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்கப்படும்போது, நோயாளியின் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். ‘எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?’ என்பது ஒன்று. ‘எந்த மருந்து தருவது என்பதை மருத்துவர் முடிவு செய்யாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்வது எப்படி நியாயமாகும்?’ என்பது மற்றொன்று. இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. அவற்றுக்கான விடையை, நம் மதுரையில் நடந்த ஓர் ஆய்வின் வழியே இங்கு விளக்க முற்படுகிறோம்.

வயலில் தொடங்கும் கண்புண்

நெல் அறுக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் தாளோ தோகையோ கண்ணில் பட்டுவிடுவது நம் பகுதி உழவர்களுக்குப் புதிதன்று. கருவிழியில் விழும் சிறு கீறல் வழியே கிருமி புகுந்தால் அங்குப் புண் உண்டாகிறது. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேர் ஆராயப்பட்டனர். அவர்களுள் 284 பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணமாக இருந்தது.

பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டாமைசின் என்னும் பழைய சொட்டு மருந்து நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. பின்னர் வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து வந்தது. அது பலவகைப் பூஞ்சைகளை எதிர்ப்பது. கண்ணினுள் நன்கு ஊடுருவுவது. எனவே புதியதே மேலானதாக இருக்கும் என்று பலரும் எண்ணினர். ஆனால் எண்ணம் வேறு, சான்று வேறு. அந்தச் சான்றைத் தேடி, அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் இணைந்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. அதில் 323 நோயாளிகள் சேர்ந்தனர்.

குலுக்கல் எதற்காக?

பழைய மருந்து பெற்றவர்களையும் புதிய மருந்து பெற்றவர்களையும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டால் போதாதா? போதாது. புண் முற்றிய நிலையில் வருபவருக்கு மருத்துவர் புதிய மருந்தை எழுதியிருக்கக்கூடும். மறுநாளே வந்துவிட்டவருக்குப் பழைய மருந்தே போதும் என்று கருதியிருக்கக்கூடும். பிறகு இரு பிரிவினரின் பார்வையை ஒப்பிட்டால், வேறுபாடு மருந்தால் வந்ததா, நோயின் கடுமையால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது.

குலுக்கல் முறை இச்சிக்கலைத் தீர்க்கிறது. வயது, புண்ணின் அளவு, தாமதம், நாம் அறியாத பிற காரணங்கள் ஆகிய அனைத்தும் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. அதன்பின் மிஞ்சும் பெரிய வேறுபாடு மருந்து ஒன்றே. எது சிறந்தது என்பது மருத்துவர்களுக்கே உண்மையில் தெரியாத நிலையில்தான் இம்முறை அறமாகும். தெரிந்துவிட்ட பின் குலுக்கலுக்கு இடமில்லை.

யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு இந்த ஆய்வு நடத்தப்பட்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. புதிய மருந்து பெற்றவர் என்று தெரிந்தால், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும்போது ‘இன்னும் ஒரு வரி முயன்று பாருங்கள்’ என்று நம்மை அறியாமலேயே ஊக்குவித்துவிடுவோம். அந்தச் சிறு சாய்வும் முடிவை மாற்றக்கூடும்.

பூவா, தலையா?

நாணயத்தை நான்கு முறை சுண்டி மூன்று முறை பூ விழுந்தால் எவரும் வியப்பதில்லை. நூறு முறை சுண்டி எழுபத்தைந்து முறை பூ விழுந்தால், நாணயத்தில் ஏதோ உள்ளது என்று ஐயுறுவோம். விகிதம் ஒன்றே, எண்ணிக்கைதான் நம்பிக்கையைத் தருகிறது. உறவினர் ஒருவருக்குக் குணமானது என்னும் செய்தியைவிட, முறையாக ஒப்பிடப்பட்ட முந்நூறு பேரின் செய்தி வலுவானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

2013இல் முடிவு வெளியானது. கருவிழியில் ஓட்டை விழுந்தவர்கள் அல்லது அவசரக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டவர்கள், நேட்டாமைசின் பெற்ற 162 பேரில் 18 பேர். வோரிகோனசோல் பெற்ற 161 பேரில் 34 பேர். அதாவது நூற்றுக்கு 11, நூற்றுக்கு 21. மூன்று மாதங்களுக்குப் பின் பார்வையும் பழைய மருந்து பெற்றவர்களுக்கே மேம்பட்டிருந்தது. இரு மருந்துகளும் உண்மையில் சமமானவை என்று வைத்துக்கொண்டால், ஓட்டை விழுவதில் இத்தகைய வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் ஒன்பது மட்டுமே. வயல்வெளிக் காயங்களில் மிகுதியாகக் காணப்படும் ஃபுசேரியம் என்னும் பூஞ்சையில்தான் இவ்வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. பிற பூஞ்சைகளில் இரு மருந்துகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பயனளித்தன. புதியது மேலானது என்ற எண்ணத்தின்படியே அனைவருக்கும் சிகிச்சை அளித்திருந்தால், காக்கப்பட்டிருக்க வேண்டிய கண்கள் பல பாழாகியிருக்கும்.

‘வேறுபாடு இல்லை’ என்பதும் விடையே

இதற்கு முன், பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண் பற்றி 500 பேரைக் கொண்ட ஆய்வு ஒன்றும் அரவிந்தில் பெரும்பகுதி நடந்தது. அனைவருக்கும் கிருமிக்கொல்லி மருந்து தரப்பட்டது. கூடுதலாக, ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு சொட்டும் மறுபிரிவினருக்கு மருந்து கலவாத சொட்டும் அளிக்கப்பட்டன. மூன்று மாத முடிவில் இரு பிரிவினரின் பார்வையிலும் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2012இல் தெரியவந்தது. இதனையும் தோல்வி எனக் கருதலாகாது. பயன் உறுதியாகாத மருந்தை எல்லோருக்கும் தருவதைத் தவிர்க்க இத்தகைய விடை உதவுகிறது. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு பெருந்தீங்கு விளைவிக்கும் என்பதால், மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி இடுவதைத் தவிர்க்குமாறு இங்கு வலியுறுத்துகிறோம்.

கையொப்பமிடுமுன்

ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால் பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

• நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? இப்பதிவேட்டைப் பொதுமக்கள் எவரும் இணையத்தில் காணலாம்.
• ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?
• ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இலவசச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழிவகுக்கின்றன.
• படிக்க இயலாதவர் எனில், நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படிவத்தைப் படித்து விளக்குமாறு கேட்கலாம்.

மறுப்பதற்கும் இடையில் விலகுவதற்கும் தங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை குறையாது. சேர்ந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குணமாகிவிட்டது என்றோ, அறுவடை வேலை இருக்கிறது என்றோ மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். வராதவர் நலமாக உள்ளாரா, நலிந்துள்ளாரா என்பது தெரியாமல் போனால் கணக்கே பிழையாகிவிடும். வர இயலாத நாளில் தொலைபேசியிலேனும் தெரிவித்தால், வேறொரு நாளை ஒதுக்கித் தருவோம்.