காற்றிலுள்ள பசளையும் விதைத் தெரிவும்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், அவ்வாண்டு நவம்பரில் அது விலக்கிக்கொள்ளப்படுவதற்கிடையில் எமது விவசாயிகள் அடைந்த இழப்பும் எளிதில் மறக்கக்கூடியவையல்ல. யூரியாவை ஒரே இரவில் கைவிட முடியாது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது. எனினும், அதன் தேவையைப் படிப்படியாகக் குறைக்க வழியில்லையா என்ற கேள்வி இன்னமும் எஞ்சியிருக்கின்றது. அதற்கான விடைகளுள் ஒன்று, நாம் கறிக்கு வாங்கும் போஞ்சிச் செடியின் வேரில் இருக்கின்றது.

காற்றில் 78 சதவீதம் நைதரசனாகும். ஆயினும் பயிர்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அவரையினப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் றைசோபியம் பற்றீரியாக்கள் அதனை அமோனியாவாக மாற்றிச் செடிக்கு வழங்குகின்றன. செடியோ ஒளித்தொகுப்பின் மூலம் தயாரித்த வெல்லத்தை அவற்றுக்குக் கொடுக்கின்றது. நன்கு செயற்படும் சிறுகணுவைப் பிளந்து பார்த்தால் அதன் உட்புறம் செந்நிறமாக இருக்கும். 1880களில் ஹெல்றீகல், வில்ஃபார்த் ஆகிய ஜேர்மனிய ஆய்வாளர்கள் இவ்வுண்மையை நிறுவினர்.

துரதிர்ஷ்டவசமாக, அவரையினப் பயிர்களுள் போஞ்சி இப்பணியில் பின்தங்கியே நிற்கின்றது. அதன் ஆயுட்காலம் குறுகியது. காய்கள் முற்றத் தொடங்கியதும் வெல்லம் அவற்றையே நாடிச் செல்வதால் சிறுகணுக்கள் நலிவடைகின்றன. திறன் குறைந்த பற்றீரியாக்களையும் அது வேரில் சேர்த்துக்கொள்கின்றது. இவற்றுடன் மனிதரின் தவறும் உண்டு. தாராளமாகப் பசளையிட்ட நிலத்தில் எந்தச் செடியும் சிறுகணுக்களை நம்பியிருப்பதில்லை. அத்தகைய நிலத்தில் விதை தெரிவு செய்யும்போது, நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும் செடி எது என்பது தெரியாமலே போய்விடுகின்றது.

இக்குறையைப் போக்க முடியும் என்பதை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிளிஸ் தலைமையிலான குழுவினர் எடுத்துக்காட்டினர். மெக்சிக்கோவின் 'பியூப்லா 152' என்ற கறுப்பு விதையினம் நைதரசனை நன்கு பதிக்கக்கூடியது. ஆனால் தாமதமாக முதிர்வது. 'சனிலாக்' என்ற வெள்ளை விதையினம் விரைவில் முதிர்ந்தாலும் நைதரசன் பதித்தலில் வலுக்குறைந்தது. இரண்டையும் கலந்து, பிறந்த சந்ததியை மீண்டும் சனிலாக்குடன் கலந்து, நைதரசன் குறைந்த மண்ணில் பரீட்சித்தனர். சனிலாக்கைவிட அதிகமாக நைதரசனைப் பதித்து, விதை விளைச்சலையும் கூட்டித் தந்த வழிகள் சில அதிலிருந்து கிடைத்தன. இத்தகைய ஐந்து வழிகள் 1989இல் பதிவு செய்யப்பட்டன. நைதரசன் பதித்தலும் நல்ல விளைச்சலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இதன் பாடமாகும்.

பிரேஸில் இதே பாதையில் வெகுதூரம் சென்றுள்ளது. அங்கு சோயா இனங்கள், யொஹானா டோபரைனரின் வலியுறுத்தலுக்கு இணங்க, நைதரசன் பசளையின்றியே தெரிவு செய்யப்பட்டன. அப்பணியைத் தொடர்ந்த மரியாஞ்சலா ஹங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இது மந்திரக்கோல் அல்ல என்பதையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. வறட்சியும் பொசுபரசுக் குறைபாடும் சிறுகணுக்களை முடக்கிவிடும். பதிக்கப்பட்ட நைதரசனில் பெரும்பகுதி விதையோடு வயலைவிட்டு வெளியேறிவிடும். நெல்லுக்கான யூரியாவை இதனால் ஈடுசெய்ய முடியாது.

ஆயினும், மலையகத்தின் போஞ்சிக்கும், வடக்கு, கிழக்கின் பயறு, உழுந்து, கௌப்பி ஆகியவற்றுக்கும் புதிய இனங்களைத் தெரிவு செய்யும்போது, பசளையிடாத பாத்தியிலும் அவற்றைப் பரீட்சிப்பது பெருஞ்செலவான காரியமன்று. இறக்குமதிக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் சிறு விவசாயிக்கு, தன் உணவைத் தானே தேடும் விதையைக் கையளிப்பது தடையுத்தரவுகளைவிடப் பயனுள்ளதாகும். ஓர் இனத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலால் அடுத்த நெருக்கடி வரும்வரை இப்பணி காத்திருக்கலாகாது என்பதே எமது கருத்தாகும்.