சூரியனின் துருவத்துக்கு மேலேயும் அந்தத் துகள்கள்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு)

சூரியனிடமிருந்து வெளிச்சமும் வெப்பமும் மட்டும்தான் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பெரிய வெடிப்பு ஒன்று நடந்தால் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் அசுர வேகத்தில் கிளம்பிவிடும். ஆனால் இவை மின்னூட்டம் உள்ளவை. இஷ்டத்துக்குத் திரிய முடியாது. சூரியனின் காந்தப்புலக் கோடுகளைத் தண்டவாளம் மாதிரி பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அப்படியானால், சூரியனின் நடுப்பகுதியில் வெடித்தால் துருவத்துக்கு மேலே இருக்கும் வெளிக்குத் துகள்கள் போகுமா? "தண்டவாளமே அந்தப் பக்கம் போகலையே, எப்படிப் போகும்?" என்றுதானே நாமும் கேட்போம்!

போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் போவது லேசுப்பட்ட காரியமில்லை. பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. இங்கிருந்து கிளம்பும் விண்கலத்துக்கும் அந்த வேகம் ஒட்டிக்கொள்ளும். அதைத் துருவத்தை நோக்கித் திருப்ப ராக்கெட்டின் பலம் மட்டும் போதாது. அதனால் ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் 1990 அக்டோபரில் அனுப்பிய யுலிசிஸ் விண்கலம், முதலில் சூரியனை விட்டு விலகி வியாழனுக்குப் போனது! 1992 பிப்ரவரியில் வியாழனின் ஈர்ப்புவிசை அதன் பாதையைச் சாய்த்துவிட்டது. 1994-ல் சூரியனின் தென்துருவத்தையும் 1995-ல் வடதுருவத்தையும் கடந்து, மறுபடியும் சுற்றி வந்தது.

2000 ஜூலை 14-ல் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பு. பூமியின் பக்கம் இருந்த சோஹோ விண்கலத்தின் படங்களில், துகள்கள் மோதிப் பனி கொட்டியது போல வெள்ளைப் புள்ளிகள்! அப்போது யுலிசிஸ் சூரியனின் தெற்கே 62 டிகிரியில் இருந்தது. அங்கேயும் துகள்கள் வந்துவிட்டன. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல வெடிப்புகளில் இதே கதைதான். தூரம் அதிகம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் துருவப் பக்கம் தாமதமாகத்தான் வந்தன. ஆனால் சில நாட்களில், தொட்டியில் தண்ணீர் மட்டம் சமமாவது போல, இரண்டு பக்கமும் அளவு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது!

எப்படி? துகள்கள் கோடு விட்டுக் கோடு தாவுகின்றனவா, இல்லை வெடிப்பின் அதிர்ச்சி அலையே துருவம் வரை பரவுகிறதா? விஞ்ஞானிகள் இன்னமும் விவாதிக்கிறார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். இப்படி ஒரு துகள் மெமரி சிப்பைத் துளைத்தால் 0 என்பது 1 ஆகிவிடும். விண்வெளி வீரரின் உடம்பைத் துளைத்தால் செல்களே கெட்டுப்போகும். துருவத்துக்கு மேலே ஒதுங்கினால் தப்பிக்கலாம் என்ற கணக்கு இனி செல்லாது. எங்கே போகும் கலமானாலும் பாதுகாப்போடுதான் வடிவமைக்கவேண்டும்.

யுலிசிஸ் 2009 ஜூன் 30-ல் ஓய்வு பெற்றது. அதில் கேமராவே கிடையாது! துருவத்தை முதன்முதலாகச் சாய்கோணத்திலிருந்து படம் பிடித்தது, 2020-ல் கிளம்பிய சோலார் ஆர்பிட்டர்; ஆண்டு 2025. யுலிசிஸ் கண்ணில்லாமலே தடவிப் பார்த்துச் சொன்னதுதான் இத்தனையும்!