ட்ரம்பெட்டின் இரண்டு முனைகள்

ட்ரம்பெட் என்றதும் நம்ம கண் வால்வுகள் மேலதான் போகும். ஆனால் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு முனைகள்.

வாசிப்பவரின் உதடு ஒரு முனையை மூடிவிடுகிறது. வெறும் நேர்க்குழாயாக இருந்தால் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள்தான் கிடைக்கும். விரிந்த பெல் கீழ் ஒத்ததிர்வுகளை உயர்த்துகிறது. மௌத்பீஸும், குறுகலாக ஆரம்பித்து மெல்ல விரியும் லீட்பைப்பும் மேல் ஒத்ததிர்வுகளை இறக்குகின்றன. இரண்டும் சேர்ந்த பிறகுதான் 2, 3, 4 என்று வரிசை அமைகிறது.

ரெனால்ட் ஷில்கி 1956-ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனியின் சில மாடல்களில் பெல் தனியாகக் கழன்று வரும். அதை நகர்த்தியே சுருதி சேர்க்கலாம். லீட்பைப்பையும் மாற்றும்படி ஆர்டர் கொடுத்துச் செய்பவர்களும் உண்டு.

ஆனால் இவற்றைத் தனித்தனி மாட்யூல் என்று நினைக்காதீங்க. பெல் சரியில்லைன்னு தோணும்போது, கோளாறு லீட்பைப்பில் இருக்கலாம். டீபக் பண்ற மாதிரிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க.